சின்னக் கட்சிகளும் ஆறில் ஒரு பங்கும்

கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே போகிற பஸ்ஸில் ஏறி, மாந்தோப்புகளைக் கடந்து, வேப்பனப்பள்ளியில் இறங்கினேன். காதில் முதலில் விழுந்தது தமிழா, தெலுங்கா, கன்னடமா? மூன்றும் விழுந்தன. கொஞ்சம் உருதும் விழுந்தது. ஒரு பக்கம் ஆந்திர எல்லை, இன்னொரு பக்கம் கர்நாடக எல்லை. ஊரின் பெயரையே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சர்க்கார் காகிதத்தில் அது 'வேப்பனஹள்ளி.' தமிழ் பேசுகிறவர் வாயில் 'வேப்பனப்பள்ளி.' ஹள்ளி என்றாலும் ஊர்தான், பள்ளி என்றாலும் ஊர்தான். ஆகவே சண்டை இல்லை!

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் மாந்தோப்பு வைத்திருப்பவர். கூழ் ஆலைகள் வாங்குகிறார்களே, 'பெங்களூரா' மாங்காய், அதுதான் அவருடைய பயிர். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். பெரிய கட்சி எது வந்தாலும் மாங்காய்க்கு நல்ல விலை வாங்கித் தர்றோம்னு சொல்றாங்க. யானை வந்து தோட்டத்தை அழிச்சா நஷ்டஈடு தர்றோம்னு சொல்றாங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. அதனால ரெண்டு தேர்தலா நான் சின்னக் கட்சிக்குப் போடறேன். வீட்டிலே சண்டை. பையன் சூளகிரிப் பக்கம் கம்பெனியிலே வேலை செய்யறான். 'போட்ட ஓட்டு வீணாப் போச்சேப்பா'ன்னு அவன் சொல்றான். நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. என் ஓட்டு வீணா?"

டீ ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. ஆனால் பதில் தேட அதிக தூரம் போக வேண்டியதும் இல்லை. வேப்பனப்பள்ளியைச் சுற்றிலும், பத்தே ஆண்டுகளில், மூன்று உபதேர்தல்கள் நடந்திருக்கின்றன. பர்கூரில் ஒன்று, பென்னாகரத்தில் ஒன்று, ஓசூரில் ஒன்று. மூன்றிலும் சின்னக் கட்சிகள் பெரியவர்களோடு மோதின. என்ன ஆயிற்று என்று பார்த்தால் பெரியவருக்குப் பாதி பதிலாவது கிடைக்கும்.

வேப்பனப்பள்ளிக்கு உபதேர்தல் யோகம் வந்ததில்லை. இந்தப் பெயரில் சட்டசபைத் தொகுதி ஏற்பட்டு முதல் தேர்தல் நடந்ததே 2011இல்தான். ஆனால் இந்த ஊர் வேறோர் உபதேர்தலுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. 2021இல் இங்கே வென்ற அ.தி.மு.க.வின் கே.பி.முனுசாமி அப்போது டெல்லியில் ராஜ்யசபை உறுப்பினர். சட்டசபையா, ராஜ்யசபையா என்று பார்த்து, வேப்பனப்பள்ளியை வைத்துக்கொண்டு டெல்லியை விட்டுவிட்டார். காலியான அந்த இடத்துக்கு எம்.எல்.ஏ.க்கள்தான் ஓட்டாளர்கள். போட்டியே இல்லாமல் அது தி.மு.க.வுக்குப் போயிற்று. வேப்பனப்பள்ளிக்காரர் எத்தனை பேருக்கு இந்தச் சங்கதி தெரியும் என்று தெரியவில்லை.

டிபாசிட் என்றால் என்ன?

உபதேர்தலை இடைத்தேர்தல் என்றும் சொல்கிறார்கள். ஓர் எம்.எல்.ஏ. காலமானாலும், ராஜினாமா செய்தாலும், பதவி இழந்தாலும் அந்த இடம் காலியாகும். ஆறு மாதத்துக்குள் புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். சபையின் ஆயுளில் ஒரு வருஷத்துக்குக் குறைவாக மிச்சம் இருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

சட்டசபைக்கு நிற்கிறவர் 10,000 ரூபாய் கட்ட வேண்டும். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் 5,000 கட்டினால் போதும். இதுதான் டிபாசிட். விழுந்த செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் பணம் திரும்பி வரும். இல்லாவிட்டால் சர்க்காருக்குப் போய்விடும். ஒன்றரை லட்சம் ஓட்டு விழுந்தால் 25,000க்கு மேல் வாங்கியாக வேண்டும் என்று கணக்கு.

ஒரு காலத்தில் இந்தத் தொகை வெறும் 250 ரூபாய்தான். அதனால் வந்த வினையை 1996 பொதுத்தேர்தலில் மொடக்குறிச்சியில் பார்த்தோம். ஒரே தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள்! ஓட்டுச் சீட்டு ஒரு புத்தகம் போல ஆகிவிட்டது. அந்த ஆண்டே டிபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரரும் சுயேச்சையும் மனுப் போட்டால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் விதி செய்தார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு ஒருவர் போதும். பந்தயம் தொடங்குவதற்கு முன்பே பெரியவன் ஒரு கோட்டிலும் சின்னவன் இன்னொரு கோட்டிலும் நிற்கிறார்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பணம் போனால் போகட்டும் என்று சொல்லலாம். மானம் போகிறதே! 'டிபாசிட் காலி' என்று ஊர் சிரிக்குமே! அதற்குத்தான் கட்சிகள் பயப்படுகின்றன.

இன்னொரு சங்கடமும் உண்டு. பொதுத்தேர்தலில் மந்திரிகள் அவரவர் தொகுதியில் ஓடிக்கொண்டிருப்பார்கள். உபதேர்தலில் அத்தனை மந்திரிகளும் ஒரே தொகுதியில் வந்து இறங்கிவிடுவார்கள். தெருவுக்குத் தெரு வெளியூர்க் கார். கேட்காமலே சாலை போடுகிறார்கள், குழாய் வைக்கிறார்கள். ஓட்டுப் போடுகிறவரும் யோசிப்பார்: 'இந்த ஒரு ஓட்டால் சர்க்கார் மாறப்போவதில்லை. ஆளும் கட்சிக்கே போட்டால் ஊருக்கு ஏதாவது கிடைக்கும்.' இந்த யோசனையைத் தாண்டித்தான் சின்னக் கட்சி ஓட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பர்கூரில் காலி நாற்காலி

பர்கூரைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். 1991இல் ஜெயலலிதா வென்று முதல் மந்திரியானது இங்கேதான். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்துத் தனிக்கட்சி கண்டு நின்றவர் சினிமா டைரக்டர் டி.ராஜேந்தர். 1996இல், பதவியில் இருந்த அதே முதல் மந்திரியை தி.மு.க.வின் சுகவனம் தோற்கடித்ததும் இங்கேதான். எல்லைச் சீமை ஜனங்கள் சும்மா இருக்கிறவர்கள் அல்ல.

2006இல் பர்கூரில் வென்றவர் அ.தி.மு.க.வின் தம்பிதுரை. 2009இல் அவர் கரூரிலிருந்து பார்லிமெண்டுக்குப் போய்விட்டார். ஆகஸ்டு 18ஆம் தேதி பர்கூரிலும் வேறு நான்கு தொகுதிகளிலும் உபதேர்தல். அ.தி.மு.க. இந்த ஐந்தையும் புறக்கணித்தது. ஐந்தையும் தி.மு.க. கூட்டணி வென்றது. பர்கூரில் தி.மு.க.வின் கே.ஆர்.கே.நரசிம்மன் ஜெயித்தார்.

இரண்டாவது யார்? விஜயகாந்தின் தே.மு.தி.க. கட்சி தொடங்கி நான்கு வருஷந்தான் ஆகியிருந்தது. பெரிய எதிர்க்கட்சி எழுந்து போன நாற்காலியில் அது உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதானே என்று நினைக்கலாம். ஆனால் 2011 தேர்தல் வந்தபோது, அதே அ.தி.மு.க. அந்தக் கட்சியைக் கூட்டணிக்கு அழைத்து 41 இடம் கொடுத்தது. 29 இடத்தில் வென்று, தி.மு.க.வையும் தாண்டி, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். தோற்ற உபதேர்தல்களில் சேர்த்த ஓட்டுகளெல்லாம் பேரம் பேசும்போது பணம் போலப் பயன்பட்டன.

பென்னாகரத்தில் பதினோரு வருஷம்

பென்னாகரத்தின் கதை வேறு. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

தர்மபுரி ஜில்லாவில் ஒகேனக்கல் அருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது பென்னாகரம். 2004 வரை கிருஷ்ணகிரியும் வேப்பனப்பள்ளியும்கூட அந்த ஜில்லாவில்தான் இருந்தன. அங்கே தி.மு.க. எம்.எல்.ஏ. பெரியண்ணன் காலமானார். 2010 மார்ச்சு 27ஆம் தேதி உபதேர்தல். தி.மு.க. அவருடைய மகன் இன்பசேகரனை நிறுத்தியது. அ.தி.மு.க.வும் நின்றது, தே.மு.தி.க.வும் நின்றது. பாட்டாளி மக்கள் கட்சி, தன் தலைவர் ஜி.கே.மணியின் மகன் தமிழ்க்குமரனை நிறுத்தியது.

பா.ம.க.வுக்கு அப்போது கெட்ட காலம். 2009 பார்லிமெண்டுத் தேர்தலில் அ.தி.மு.க.வோடு சேர்ந்து போட்டியிட்டு, நின்ற இடம் அத்தனையிலும் தோற்றிருந்தது. கூட்டணியும் போய்விட்டது. கட்சியே முடிந்துவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. அந்த நிலையில்தான் பென்னாகரத்தில் தனியாக நின்றது. இந்த முறை யாரும் நாற்காலியைக் காலி செய்து கொடுக்கவில்லை.

தி.மு.க. 36,384 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் அடுத்த வரியில் இருந்தது. 41,285 ஓட்டு வாங்கி பா.ம.க. இரண்டாவதாக வந்தது. மாநிலத்தின் பிரதான எதிர்க்கட்சியான அ.தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போய், டிபாசிட்டையும் இழந்தது!

பலன் என்ன? அடுத்த வருஷம் தி.மு.க. பா.ம.க.வைக் கூட்டணியில் சேர்த்து 30 இடம் கொடுத்தது. ஆனால் வென்றது மூன்றுதான். பென்னாகரத்தில் இந்தியக் கம்யூனிஸ்டு கட்சியின் நஞ்சப்பன் ஜெயித்தார். 2016இல் பா.ம.க. மறுபடியும் தனியாக நின்றது. முதல் மந்திரி வேட்பாளர் என்று அறிவிக்கப்பட்ட டாக்டர் அன்புமணியே பென்னாகரத்துக்கு வந்தார். அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? அதே இன்பசேகரன்! 2021இல் அ.தி.மு.க. கூட்டணியில் ஜி.கே.மணி நின்றார். அந்த முறை இன்பசேகரன் தோற்றார். மகன் தோற்ற தொகுதியில், பதினோரு வருஷம் கழித்துத் தகப்பனார் ஜெயித்தார்.

சின்னக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட பென்னாகரத்துக்காரர் இதை எப்படிப் பார்ப்பார்? கடைசியில் தன் ஆள் சட்டசபைக்குப் போனார் என்று சந்தோஷப்படலாம். இரண்டு பெரிய கட்சிகளும் வேண்டாம் என்றுதானே போட்டோம், இவர்கள் மாறி மாறி அவர்களோடேயே சேர்ந்துகொண்டார்களே என்று வருத்தமும் படலாம். இரண்டும் நியாயந்தான். என் அபிப்பிராயத்தில், இந்தக் கணக்கில் கட்சிக்குக் கிடைத்த லாபம் தெளிவாகத் தெரிகிறது. ஓட்டுப் போட்டவருக்குக் கிடைத்த லாபம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

காலி நாற்காலிக் கதை பிறகும் நடந்தது. 2024 ஜூலையில் விக்கிரவாண்டியில் அ.தி.மு.க. ஒதுங்கியது, பா.ம.க. இரண்டாவதாக வந்தது. 2025 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கில் அ.தி.மு.க.வும் பாரதீய ஜனதாவும் ஒதுங்கின. நாம் தமிழர் கட்சி 24,151 ஓட்டு வாங்கி இரண்டாவதாக வந்தது. 2023இல் அதே தொகுதியில் அது வாங்கியது 10,827தான். இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்தும், ஆறில் ஒரு பங்கைத் தொட முடியவில்லை. டிபாசிட் போயிற்று. இரண்டாம் இடம் என்று கேட்டவுடனே கை தட்டிவிடாமல், சண்டை போட்டு வந்ததா, காலியாகக் கிடந்ததா என்று ஒரு தடவை விசாரிப்பது நல்லது.

திண்டுக்கல்லில் நடந்தது

சின்னக் கட்சி முதல் இடத்தையே பிடித்ததும் உண்டு. வயதானவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் கட்சி தொடங்கினார். ஏழு மாதக் குழந்தை அது. 1973 மே 20ஆம் தேதி திண்டுக்கல் பார்லிமெண்டுத் தொகுதிக்கு உபதேர்தல். சர்க்கார் தி.மு.க. கையில் இருந்தது. எம்.ஜி.ஆரின் வேட்பாளர் வக்கீல் மாயத்தேவர். புதுக் கட்சிக்குச் சொந்தச் சின்னம் கிடையாது. தேர்தல் அதிகாரி காட்டிய சின்னங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் அவர். அதுதான் இரட்டை இலை!

மே 11ஆம் தேதி 'உலகம் சுற்றும் வாலிபன்' படம் வேறு வெளிவந்து கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. ஓட்டை எண்ணிப் பார்த்தால், மாயத்தேவர் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாவது. ஆளும் தி.மு.க. மூன்றாவது. நான்கு வருஷம் கழித்து எம்.ஜி.ஆர். கோட்டைக்கே போனார்.

2017 டிசம்பரில் சென்னை ராதாகிருஷ்ணன் நகரிலும் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த ஏப்ரலில் நடக்க வேண்டிய தேர்தல், ஓட்டுக்குப் பணம் கொடுக்கப்படுகிறது என்று ரத்து செய்யப்பட்டிருந்தது. டிசம்பரில் டி.டி.வி.தினகரன் சுயேச்சையாக நின்றார். பிரஷர் குக்கர் சின்னம். ஆளும் அ.தி.மு.க.வை 40,707 ஓட்டில் தோற்கடித்தார். தி.மு.க.வுக்கு டிபாசிட் போயிற்று. பத்துப் பதினைந்து நாளில் ஒரு குக்கரை வீட்டுக்கு வீடு தெரிய வைத்துவிட்டார்கள். ஆனால் திண்டுக்கல்லிலும் சரி, இங்கும் சரி, நின்றவர்கள் பெரிய கட்சியிலிருந்து பிரிந்து வந்தவர்கள். பழைய வீட்டுப் பாத்திரத்தோடு வந்தவர்கள். வெறுங்கையோடு வந்த சின்னக் கட்சி இப்படி ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை.

ஓசூரில் மூன்று புதுச் சின்னங்கள்

இனி ஓசூர். தொழிற்சாலைச் சங்கு ஊதுகிற நகரம். நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிய நகரம். சட்டசபைத் தேர்தலில் 2016 வரை தி.மு.க.வோ அ.தி.மு.க.வோ இங்கே வென்றதே இல்லை என்றால் நம்புவீர்களா? காங்கிரஸ் பல முறை வென்றது. 1967இல் சுதந்திராக் கட்சி வென்றது. 1996இல் ஜனதா தளம் வென்றது. 2016இல்தான் முதல் முறையாக அ.தி.மு.க. ஜெயித்து, பாலகிருஷ்ண ரெட்டி மந்திரியும் ஆனார். 2019 ஜனவரியில் கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்றினால் அவர் பதவி போயிற்று, இடம் காலியாயிற்று.

2019 ஏப்ரல் 18ஆம் தேதி பார்லிமெண்டுத் தேர்தலோடு சேர்த்து உபதேர்தல். தமிழ்நாட்டில் அந்த முறை மொத்தம் 22 உபதேர்தல்கள். எடப்பாடி பழனிசாமி சர்க்கார் நிற்குமா விழுமா என்பதே அவற்றைப் பொறுத்து இருந்தது. ஓசூரில் ரெட்டியின் மனைவி ஜோதியை அ.தி.மு.க. நிறுத்தியது. தி.மு.க.வுக்கு எஸ்.ஏ.சத்யா. தினகரனின் அ.ம.மு.க.வுக்கு புகழேந்தி. முன்பு கர்நாடக அ.தி.மு.க.வுக்குச் செயலாளராக இருந்தவர் அவர். எல்லைக்கு அப்பால் கட்சி நடத்தியவர், எல்லைக்கு இப்பால் ஓட்டுக் கேட்டார்.

குக்கர் சின்னம் அவருக்குக் கிடைக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போய், மார்ச்சு கடைசியில் கிடைத்தது பரிசுப் பெட்டி. ஓட்டுப்பதிவுக்கு மூன்று வாரங்கூட இல்லை. கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யத்துக்கு பாட்டரி டார்ச். நாம் தமிழருக்குக் கரும்பு விவசாயி. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு பாஷை பேசுகிற ஊரில், எழுத்து எல்லாரையும் எட்டாது, படந்தான் எட்டும். மூன்று கட்சிகளும் கொள்கையைச் சொல்வதற்கு முன்னால் படத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

மே 23ஆம் தேதி எண்ணினார்கள். சத்யா 23,213 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். முதல் இரண்டு இடத்தையும் பெரிய கட்சிகளே பங்கு போட்டுக்கொண்டன. மூன்று புதுச் சின்னங்களும் ஆறில் ஒரு பங்கின் பக்கத்தில்கூட வரவில்லை. 22 இடங்களில் தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9. சர்க்கார் பிழைத்தது. அன்று கிருஷ்ணகிரி பார்லிமெண்டுத் தொகுதியில் காங்கிரஸின் செல்லக்குமாரிடம் தோற்றவர்தான், பிறகு வேப்பனப்பள்ளியில் ஜெயித்த கே.பி.முனுசாமி.

கரும்பு விவசாயிக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை முடியாது. 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் அந்தச் சின்னத்தைக் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு சிறு கட்சி முன்னதாகவே கேட்டு வாங்கிவிட்டது. அங்கீகாரம் இல்லாத கட்சிகளுக்கு முந்தியவனுக்கே சின்னம் என்பது விதி. வருஷக்கணக்காகச் சுவரில் எழுதிய படம் ஒரே நாளில் இன்னொருவருக்குச் சொந்தமாயிற்று. நாம் தமிழர் கட்சி மைக் சின்னத்தில் நின்றது. கிருஷ்ணகிரியில் அதன் வேட்பாளர் வித்யாராணி. வீரப்பனின் மகள். புதுச் சின்னத்திலேயே ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார், ஆனாலும் வெற்றிக்கு வெகு தூரம். மாநிலம் முழுவதும் கட்சிக்கு நூற்றுக்கு எட்டு ஓட்டுக்கு மேல் கிடைத்தது. அதனால் அங்கீகாரம் வந்தது. தோற்ற தொகுதிகளில் விழுந்த ஓட்டுகளெல்லாம் சேர்ந்துதான் அந்த எட்டு!

இதையெல்லாம் டீக்கடைப் பெரியவரிடம் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். பென்னாகரத்தில் அ.தி.மு.க. டிபாசிட் இழந்ததைச் சொன்னபோது சிரித்தார். அதே கட்சியோடு பா.ம.க. பிறகு சேர்ந்ததைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"அப்போ ஓட்டு வீணில்லே. ஆனா நான் நினைச்ச இடத்துக்குப் போகலே. அப்படித்தானே, தம்பி?"

"அப்படித்தான் தெரியுதுங்க, ஐயா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாங்காயை மண்டிக்கு அனுப்பிவிட்டு, அது எந்த ஊருக்குப் போகிறது என்று யோசிப்பவர் மாதிரி இருந்தார். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். படியில் ஒரு காலை வைத்தவர், திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வீட்டிலே கிழவிக்குப் படிக்கத் தெரியாது. போன தடவைதான் ஒரு படத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த தடவையும் அதே படம் இருக்குமா?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிருஷ்ணகிரிப் பக்கம் புறப்பட்டுப் போயிற்று.